அப்பாவுக்கு வேலை போனது, இப்போது எனக்கும். இது பரம்பரையா?

வாசகர் கடிதம்

28 வயது வாசகர் ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கைப்பட எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 11 வயது இருக்கும்போது அப்பா வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். அப்பா இரண்டு வருடம் அங்கும் இங்கும் அலைந்து பார்த்தார், பிறகு வீட்டோடு இருந்துவிட்டார். அம்மாவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. வருடா வருடம் பள்ளியில் கொடுக்கும் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் வந்ததும் இவருடைய பேனா நின்றுவிடும். "சொந்தத் தொழில்னு எழுதுடா" என்று அம்மா தணிந்த குரலில் சொல்வார். அப்பாவுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் ஒருநாளும் யாரும் பேசியதில்லை.

இவர் படித்து முடித்து வேலைக்குப் போனார். 14 மாதத்தில் அந்த நிறுவனம் ஒரு பிரிவையே கலைத்தது. இவரோடு சேர்த்து ஏழு பேர் வெளியே. இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. குடும்ப விசேஷம் ஒன்றில் மாமா எல்லார் முன்னாலும், "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கான்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை, எழும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. நான்கு வருடமாகப் பழகும் பெண்ணிடம் "என்னை விட்டுவிடு" என்று சொல்லிவிட நினைக்கிறார். 'எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் இதுதானே வரும்?' என்பது அவர் சொல்லும் காரணம். சில ராத்திரிகளில், தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் பாரம் குறையும் என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறார்.

வேலையில்லாமல் இருப்பது பரம்பரையாக வருமா, ஒன்பது மாத இடைவெளியை மறைக்கலாமா, தெரிந்தவர் மூலம் வந்திருக்கும் படிப்புக்குக் குறைந்த ஒரு கிடங்கு வேலையை ஏற்கலாமா, அந்தப் பெண்ணை விட்டு விலகுவது சரியா. இவை அவருடைய கேள்விகள்.

ஆலோசனை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். 'நான் இல்லாவிட்டால் பாரம் குறையும்' என்ற எண்ணத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள். இன்று இரவே அம்மாவிடமோ, அந்தப் பெண்ணிடமோ, யாரிடம் வாய் திறக்க முடியுமோ அவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் வலுத்தால், அல்லது எப்படி என்ற யோசனை வர ஆரம்பித்தால், வாரம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், யாரையாவது கூட அழைத்துக்கொள்ளுங்கள். மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரத்தத்தில் வருவதா?

இல்லை. வேலையில்லாமல் போவதற்கென்று ஒரு மரபணு கிடையாது. 'நூலைப் போல சேலை' என்பதை நிறத்துக்கும் குரலுக்கும் சொல்லலாம். ஒரு ஆலையின் கதவு மூடப்பட்டதற்கும், பதினாறு வருடம் கழித்து வேறொரு நிறுவனம் ஒரு பிரிவைக் கலைத்ததற்கும் உங்கள் வீட்டு நூல் எப்படிக் காரணமாகும்?

ஆனால் உங்களிடம் பாதி உண்மையை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. அப்பா நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படி நேர்வது சற்று அதிகம் என்று பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. ஒன்றாக நிகழ்வது வேறு, ஒன்றால் மற்றொன்று நிகழ்வது வேறு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக் கூரை ஒழுகினால், முதல் கூரை இரண்டாவதற்குக் கற்றுக்கொடுத்தது என்று யாரும் சொல்வதில்லை. மழை என்றுதான் சொல்வோம். நார்வேயில் 2009-லும் ஜெர்மனியில் 2015-லும் வெளியான ஆய்வுகள் இதைத்தான் பிரித்துப் பார்த்தன. பெற்றோர், பிள்ளை இருவருடைய வேலையின்மையும் சேர்ந்தே தென்பட்டது. இருவருக்கும் பொதுவான பின்னணியைக் கழித்துப் பார்த்தபோது, முன்னது பின்னதை உண்டாக்கியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிரிட்டனில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. வேலைவாய்ப்பு வறண்ட பகுதிகளில்தான் அப்பா, மகன் இருவருக்கும் உள்ள இந்தத் தொடர்பு அதிகம்.

நிறுவனங்கள் மூடப்பட்ட குடும்பங்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான வழி. ஆலையை மூடும்போது திறமைசாலி, சோம்பேறி என்று பார்ப்பதில்லை, எல்லாரும்தான் வெளியே வருகிறார்கள். அப்படிப்பட்ட அப்பாக்களின் மகன்களைக் கனடாவில் பின்தொடர்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பெரியவர்களானபோது சம்பாத்தியம் மற்றவர்களைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த இழப்பும் பெரும்பாலும் ஏற்கெனவே கையில் காசில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான். அதே ஆண்டு நார்வேயில் வெளியான ஒரு ஆய்வில் பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் அப்படிப்பட்ட சரிவே தெரியவில்லை. அமெரிக்காவில் 70 லட்சம் அப்பாக்களின் வேலையிழப்பை வைத்து 2016-ல் வந்த ஆய்வில், பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதிலும் தொடக்கச் சம்பளத்திலும் ஏற்பட்ட பாதிப்பு மிகச் சிறியது. ரத்தம் காரணமென்றால் நாட்டுக்கு நாடு எப்படி மாறும்? விழுந்த குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்க என்ன இருந்தது என்பதுதான் இங்கே வித்தியாசம்.

'மூன்று தலைமுறையாக வேலைக்கே போகாத குடும்பங்கள்' என்ற பேச்சு பிரிட்டனில் நெடுநாளாக உண்டு. மிக வறிய பகுதிகளில் அப்படியொரு குடும்பத்தைத் தேடிப் போன ஆய்வாளர்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முடிவுகள் 2012-ல் வந்தன. நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்த பெற்றோரிடம் பேசியபோது, தங்கள் நிலை பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது என்ற தவிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது. 'சொந்தத் தொழில்னு எழுதுடா' என்று சொன்ன உங்கள் அம்மாவின் குரலிலும் அதே தவிப்பைத்தான் கேட்கிறேன்.

உங்களுக்கு வந்து சேர்ந்தவை

வேலையின்மை வரவில்லை என்றால் எதுவுமே வரவில்லையா? வந்திருக்கிறது.

முதலாவது, ஆள் பழக்கம் இல்லாதது. கனடாவின் இளைஞர்களில் சுமார் 40 சதவீதம் பேர், தங்கள் அப்பா எப்போதோ வேலை பார்த்த நிறுவனத்தில் தாங்களும் ஒருமுறையாவது வேலை பார்த்திருக்கிறார்கள் என்று 2011-ல் ஒரு ஆய்வு சொன்னது. 'என் பையன், கொஞ்சம் பாருங்க' என்று ஒரு அப்பா சொல்லும் அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. உங்களோடு போட்டியிட்டவர்களில் பலருக்கு அது கிடைத்திருக்கும். நீங்களோ அதை உங்கள் தகுதிக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, வீட்டில் படிந்த மனநிலை. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரில், ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்ட பிறகு, 1931-32-ல் மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட் முதலிய ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும், நூலகத்தில் எடுக்கும் புத்தகங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. பண்டிகைக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னபோது, பலர் 'வேண்டும்' என்று எழுதவில்லை. அப்பாவுக்கு வேலை இருந்தால் கேட்டிருப்பேன் என்ற தொனியில்தான் எழுதினார்கள். சில வருடங்களுக்கு முன் இதே ஆண்கள் ஆலையில் வேலை பார்த்து, சங்கம் நடத்தி, புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'அப்பா முயற்சியைக் கைவிட்டார்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 11 வயதுப் பையன் பார்த்துப் போட்ட கணக்கு அது. 28 வயதில் அதை ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வருடம் கதவு கதவாகத் தட்டித் திரும்பியவர் ஓய்ந்துபோவது சோம்பல் அல்ல. அவருக்கு அப்போது சிகிச்சை தேவைப்பட்ட மனச்சோர்வு இருந்திருக்கவும் கூடும். கடிதத்தை வைத்து நான் நோயைச் சொல்லிவிட முடியாது, ஆனால் அந்தக் கேள்வியை நீங்கள் தாண்டிப் போகக் கூடாது.

ஏனென்றால், குடும்பத்தில் ஓரளவு தொடரக்கூடியது அதுதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மனச்சோர்வு நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. வாய்ப்புதான், விதியல்ல, சிகிச்சையும் உண்டு. மூன்று மணி வரை விழிப்பு, நண்பகலில் எழுவது, தன்னையே பாரமாக நினைப்பது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் மாமா பார்த்த 'அப்பனுக்குத் தப்பாதது' எதுவாவது உண்டென்றால் இதுவாக இருக்கலாம். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது, பேசாமல் இருப்பது. உங்கள் வீட்டில் இதுதான் எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வேலை போன விஷயத்தை முதல் இரண்டு மாதம் நீங்களும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம்கூட. படிவத்தின் அந்தக் கட்டத்தை இப்போது நீங்களே உங்களுக்கு மூடிக் காட்டுகிறீர்கள்.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தவர் கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர். 1920-21-ல் பிறந்து, விவரம் தெரிந்த வயதில் வீட்டின் வறுமையைக் கண்டு வேலையிலும் வீட்டுப் பொறுப்பிலும் தோள் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் நன்றாகவே வாழ்ந்தார்கள். அதே அடியைக் கைக்குழந்தைப் பருவத்திலும் சிறு வயதிலும் வாங்கிய பையன்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். பாதிப்பு பெரிதும் வந்த வழி, காசு போனதால் சிடுசிடுப்பும் சண்டையுமாக மாறிய வீடு. உங்கள் வீட்டில் கை ஓங்கியதோ வாய்ச்சண்டையோ இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அமைதிதான் இருந்தது. அதைக் கலைப்பது உங்களால் முடிகிற காரியம்.

ஒன்பது மாதமும் கிடங்கு வேலையும்

தேதியை மாற்றி எழுதாதீர்கள். பழைய நிறுவனத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். கிடைத்த வேலையும் அந்தப் பொய்யால் போகலாம், அப்போது போவது உங்கள் குற்றமாகிவிடும். 'பிரிவு கலைக்கப்பட்டது, ஏழு பேர் விடுவிக்கப்பட்டோம்' என்பது ஒற்றை வரி. அதைக் கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். அப்பா என்ன செய்தார் என்பதை எந்த நேர்முகத் தேர்விலும் நீங்களாக விளக்கவேண்டிய கடமை இல்லை.

இடைவெளிக்கு விலை இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். வேலையில்லாத காலம் கூடக் கூட அழைப்பு குறைந்தது, அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்திலேயே நிகழ்ந்துவிட்டது. அதாவது நீங்கள் பயப்படும் சரிவின் செங்குத்தான பகுதியைக் கடந்துவிட்டீர்கள். அடுத்த வருடம் சுவீடனில் வெளியான இதேபோன்ற ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். நடப்பு வேலையின்மை ஒன்பது மாதத்தைத் தாண்டும்போது, குறைந்த, நடுத்தரத் திறன் வேலைகளுக்கு அழைப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வேலையில் இருந்திருந்தால் பழைய இடைவெளியை முதலாளிகள் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் கிடங்கு வேலையை ஏற்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் படிப்பு வீணாகிவிடாது. காலை எட்டு மணிக்கு ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே உங்கள் தூக்கத்துக்கு மருந்துபோல. ஒரு நிபந்தனை மட்டும் உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதமோ எட்டு மாதமோ, கெடுவை நாட்காட்டியில் குறித்துவிட்டு, வாரத்தில் இரண்டு மாலையைத் தேடலுக்கு ஒதுக்குங்கள். வேலை நேரம் அந்த இரண்டு மாலையையும் விழுங்கிவிடும் என்றால் மறுத்துவிடுங்கள், அதில் தவறில்லை.

நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல், எப்போதாவதோ அரிதாகவோ சந்திக்கும் ஒருவரிடமிருந்துதான் செய்தியைக் கேட்டிருந்தார்கள். உங்களோடு விடுவிக்கப்பட்ட அந்த ஆறு பேர் இப்போது எங்கே? கல்லூரியில் உங்களுக்கு இரண்டு வருடம் மூத்தவர்கள்? ஒரு தாளில் முப்பது பெயர் எழுதுங்கள். அப்பாவால் தர முடியாமல் போன அந்த ஒரு வாக்கியத்தை இவர்களில் யாராவது சொல்லக்கூடும்.

இன்னொன்று, நீங்கள் அறியாமலே தொடங்கிவிட்டது. வேலையிழந்த தொழில்நுட்பப் பணியாளர்களை, தினம் 20 நிமிடம், ஐந்து நாள், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுத வைத்த சிறிய ஆய்வு ஒன்று 1994-ல் வந்தது. எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் எதுவும் போடவில்லை. உள்ளே இருந்த கோபம் நேர்முகத் தேர்வு அறைக்குள் அவர்களோடு வரவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். எட்டுப் பக்கம் எழுதிவிட்டீர்கள். மாமா சொன்னதை மட்டும் வைத்து இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள், எனக்கு அனுப்ப வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம்

'என்னை விட்டுவிடு' என்று சொல்வதைத் தியாகம் என்று நினைக்கிறீர்கள். அவரைக் கேட்காமல் அவருடைய வாழ்க்கையை நீங்கள் தீர்மானிப்பது அது. மனம் இவ்வளவு சோர்ந்திருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகளை நான் எப்போதும் தள்ளிப்போடத்தான் சொல்வேன். அவரிடம் உண்மை நிலையைச் சொல்லுங்கள்: கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும், எதற்குப் பயப்படுகிறீர்கள். கேட்டுவிட்டு அவர் விலகினால் அது அவர் எடுத்த முடிவு, வலித்தாலும் நியாயமானது. பிறக்காத பிள்ளையின் வேலையைப் பற்றிய கவலை இந்தப் பேச்சில் வர வேண்டாம்.

நான் கோடிட்ட வரி

ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும், மின்விசிறி ஓடாவிட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், அவர் காசு வாங்க மாட்டார், நீங்கள் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பீர்கள். அடுத்த வரியிலேயே 'அப்பா பதினேழு வருடம் சும்மா இருந்தார்' என்கிறீர்கள். சும்மா இருந்தவருக்கு நீங்கள் எதற்காக டார்ச் பிடித்தீர்கள்? அவருக்குச் சம்பளம் இல்லாமல் இருந்தது. கையில் வேலை இருந்திருக்கிறது, அதைத் தேடி ஆட்கள் வந்திருக்கிறார்கள். படிவத்தின் அந்தக் கட்டத்தில் 'பழுது பார்ப்பவர்' என்று நீங்கள் எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது.

அப்பாவிடம் பேசி எத்தனையோ மாதமாகிறது என்கிறீர்கள். 'ஏன் வேலைக்குப் போகவில்லை' என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பார். மோட்டாரில் ஆரம்பியுங்கள். நின்றுபோன மோட்டாரில் எங்கே பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். ஆலையில் எந்தப் பிரிவில் இருந்தீர்கள், மூடப்போகிறார்கள் என்று எப்போது தெரிந்தது, கடைசி நாள் எப்படி வீடு வந்து சேர்ந்தீர்கள் என்பதெல்லாம் அதன் பின்னால் வரட்டும். முதல் தடவை அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிட்டு, அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். அப்பா என்ன சொன்னார் என்பதையும்.